எண்ட்லர் வளர்ப்பு: குட்டி எடுப்பது எளிது, வகையைக் காப்பதுதான் வேலை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதில் எண்ட்லர் மீன் வளர்த்துக் குட்டி எடுக்க ஆசை. மூன்று ஜோடி போதும் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். குட்டியைத் தாயே தின்றுவிடுமா, குட்டி போடத் தாயைத் தனியே அடைக்கும் ப்ரீடிங் பாக்ஸ் வேண்டுமா, ஏற்கெனவே இருக்கும் கப்பிகளோடு சேர்த்து விடலாமா, வீட்டுக்கு வரும் போர் தண்ணீர் ஆகுமா, இல்லை ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

போர் தண்ணீர் ஆகும், ஆர்.ஓ. தண்ணீர்தான் ஆகாது. ப்ரீடிங் பாக்ஸ் வேண்டாம். கப்பியோடு ஒரு நாள்கூடச் சேர்த்து விடாதீர்கள். ஜோடிக் கணக்கில் வாங்க வேண்டாம். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் நாளைக்கு வேறு பிரச்சினை வரும்போது நீங்களே விடை கண்டுபிடித்துக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இந்த மீன் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் பற்றிய கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. வெனிசுவேலாவின் வடகிழக்குக் கடற்கரையில் குமனா என்ற ஊர். அதன் அருகே லகூனா தே பாத்தோஸ் என்று ஓர் ஏரி, கடலிலிருந்து ஒரு மெல்லிய நிலத்துண்டால் மட்டும் பிரிக்கப்பட்டது. 1937-இல் ஃபிராங்க்ளின் பாண்ட் என்பவர் அங்கே இந்த மீனைப் பிடித்தார். பிறகு அதை எல்லோரும் மறந்துபோனார்கள். 1975-இல் ஜான் எண்ட்லர் என்ற பரிணாம உயிரியலாளர் அதே ஏரியில் மறுபடி கண்டெடுத்தார். அவர் கொண்டுவந்த மீன்களின் வழித்தோன்றல்கள் நியூயார்க்கில் மீன் வளர்ப்போர் கைக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவின. முறையான அறிவியல் பெயர் கிடைத்தது 2005-இல்தான்: பொசிலியா விங்கெய். இதைத் தனி இனமாகக் கொள்வதா, கப்பியின் ஒரு கிளையாகக் கொள்வதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

அந்த ஏரியின் தண்ணீர் எப்படி இருந்தது? வெதுவெதுப்பாக, கடினமாக, ஒருசெல் பாசி மண்டிப் பச்சையாக இருந்தது. சென்னைப் புறநகரில் போர் போட்டு எடுக்கும் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் வெள்ளைப் படிவு விடும், சோப்பு நுரைக்காது, கோடையில் தானாகவே சூடாக இருக்கும். நாம் குடிக்கத் தயங்கும் அந்தத் தண்ணீர் இந்த மீனுக்கு ஒத்துப்போகிறது. பி.எச். 7.5-இலிருந்து 8.2 வரை இருந்தால் நல்லது. கால்சியமும் மெக்னீசியமும் தாராளமாக இருக்க வேண்டும். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினாலும் உடனே பயப்பட வேண்டாம். மீன் வந்த இடத்துத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் வித்தியாசம் அதிகமானால், ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கலந்து பழக்கி விடுங்கள், அவ்வளவுதான்.

ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி இந்த மீனை வளர்ப்பவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருக்கும். வளர்ப்போர் அதை ஷிம்மி என்பார்கள். நோய்க்கிருமி எதுவும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, தாது உப்பு இல்லாத தண்ணீரே போதும். மருந்து ஊற்றி ஊற்றி மீனைக் கொன்றவர்கள் உண்டு, தண்ணீரை மாற்றியதுமே மீன் தெளிந்ததும் உண்டு. மெட்ரோ வாட்டர் வருகிற வீடாக இருந்தால் குளோரின்தான் கவலை. ட்ரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். குளோரமைன் கலந்திருந்தால் அப்படிப் போகாது. அதற்கு கடையில் கிடைக்கும் குளோரின் முறிப்பான் வேண்டும்.

கடினத் தண்ணீரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பதால் கவனமாகப் படியுங்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. அது தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஏறக்குறைய தீங்கில்லாதது, மற்றொன்று நஞ்சு. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே வெப்பத்தில் பி.எச். 8 என்றால் ஆறு ஏழு பங்கு ஆகிவிடுகிறது. நம் ஊர்ச் சூட்டில், நம் ஊர்ப் போர் தண்ணீரில், கொஞ்சம் அம்மோனியாவே மீனைக் கொல்லப் போதும். தொட்டி பழுக்காமல் மீன் விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பழுக்க வைப்பது என்றால் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேறும்வரை காத்திருப்பது. வெறும் தொட்டியில் இதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய ஸ்பாஞ்ச் ஃபில்டரை அவர் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து, அந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி வந்து உங்கள் தொட்டியில் ஊற்றுங்கள். பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. அந்தக் காத்திருப்பு நாட்களில் செடிகளை நட்டு வேர் பிடிக்க விடுங்கள். ஒரு சிட்டிகைத் தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறை போட்டுவந்தால் பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்கும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் வாங்கப் போங்கள்.

இனி தொட்டி. உங்களுடைய இரண்டடித் தொட்டி, ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் என்றால் விளிம்புவரை ஐம்பத்தாறு லிட்டர் கொள்ளும். மணலும் மேலிடைவெளியும் போக நாற்பத்தைந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் ஆணுக்கும் நாலு சென்டிமீட்டர் பெண்ணுக்கும் இது தாராளம். ஃபில்டர் என்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான். மோட்டார் வைத்த ஃபில்டர் பிறந்த குட்டிகளை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை அதே குட்டிகள் நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருக்கும். மூடி அவசியம், இவை துள்ளும்.

சமவெளியில் ஹீட்டர் வேண்டாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருந்தால் வேண்டும். இங்கே பிரச்சினை தலைகீழ். மே மாதம் தொட்டித் தண்ணீர் 32, 33 டிகிரிக்குப் போகும். எண்ட்லர் அதையும் தாங்கும், ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மீன் வேகமாக வளரும், வேகமாகக் குட்டி போடும், சீக்கிரம் மூப்படையும். மூடியைச் சற்றே விலக்கி, அந்த இடத்தில் வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்பில் வீசவிட்டால் ஆவியாதலாலேயே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்குத் தண்ணீர் நிரப்பும்போது மட்டும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றலாம். ஏனென்றால் ஆவியாகப் போனது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. வாராந்திரம் கால்பங்கு தண்ணீர் மாற்றும்போது போர் தண்ணீர்.

இனி குட்டிகளுக்கு வருகிறேன்.

எண்ட்லர், கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் ஒரே குடும்பம். ஆணின் வயிற்றுக்கு அடியில், பின்பக்கம் இருக்கும் துடுப்பு குழல்போல நீண்டு குறுகியிருக்கும். அதன் வழியே விந்தணு பெண்ணின் உடலுக்குள் போகிறது. கரு தாயின் உள்ளேயே வளர்ந்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வருகிறது. எண்ட்லரில் இதற்கு ஏறக்குறைய இருபத்துமூன்று, இருபத்துநாலு நாள். முதல் ஈற்றில் நாலைந்து குட்டி, வளர்ந்த பெண் என்றால் இருபதுக்கு மேலும் போகும். பெண்ணின் வால்பக்க வயிற்றில் கருத்த புள்ளி ஒன்று தெரியும். அது பெரிதாகி, வயிறு பக்கவாட்டில் சதுரம்போல் ஆனால் இன்றோ நாளையோ என்று அர்த்தம்.

இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு திறமை உண்டு. ஒருமுறை வாங்கிய விந்தணுவைப் பல மாதம் உடலில் சேமித்து வைத்து, ஆணே இல்லாமல் ஈற்றுக்குப் பின் ஈற்றாகக் குட்டி போட முடியும். கடையில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே கிடக்கின்றன. ஆகவே நீங்கள் வாங்கும் பெண் ஏற்கெனவே கருவுற்றிருக்கிறாள் என்றே கொள்ளுங்கள். அவளோடு நீங்கள் விடுகிற அழகான ஆண்தான் முதல் குட்டிகளின் தகப்பன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கடையில் அதே தொட்டியிலோ, அதற்கு முந்தைய பண்ணையிலோ ஒரு கப்பி ஆண் இருந்திருந்தால் அதன் குட்டிகளும் வரும்.

கப்பியோடு சேர்க்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னதற்கு இதுவே காரணம். எண்ட்லரும் கப்பியும் தாராளமாகக் கூடும். பிறக்கும் குட்டிகளும் மலடாக இருக்காது, அவையும் பெருகும். இரண்டு தலைமுறை போனால் எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த உலோகப் பச்சை, ஆரஞ்சுக் கீற்று, கரும்புள்ளி, துருதுருவென்று ஓடும் அந்தச் சின்ன உடம்பு எல்லாம் கரைந்து, ஓரளவு பெரிய, ஓரளவு நிறமுள்ள சாதாரண மீனாகிவிடும். உலகெங்கும் எண்ட்லர் வளர்ப்பவர்கள் இதற்காகவே மூன்று பிரிவு வைத்திருக்கிறார்கள். எந்த நீர்நிலையிலிருந்து வந்தது என்ற பதிவு அறுபடாமல் இருப்பது 'என்' (N) வகை. பார்வைக்குச் சுத்தமாக இருந்தும் பூர்விகம் தெரியாதது 'பி' (P) வகை. கப்பி கலந்தது என்று தெரிந்தது 'கே' (K) வகை. நம் கடைகளில் எண்ட்லர் என்று விற்பதில் பெரும்பகுதி கே வகைதான் என்பது என் கணிப்பு. அதில் குறையொன்றும் இல்லை, அழகான மீன்களே. ஆனால் கலப்பைக் கலப்பு என்று சொல்லி விற்க வேண்டும். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் பண்ணைகள் நிறைய. அங்கே போய் வாங்குகிறீர்கள் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தாய்மீன்கள் எங்கிருந்து வந்தன? நேராகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

எத்தனை வாங்குவது? மூன்று ஜோடி என்றால் மூன்று ஆண், மூன்று பெண். ஆண்கள் ஓயாமல் துரத்தும், பெண்கள் களைத்துப்போகும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கே சரி. இரண்டு ஆண், ஐந்து பெண் போதும். அதற்கும் முன்னால் ஒன்று யோசியுங்கள். நிறத்துக்காகத்தான் வளர்க்கிறீர்கள் என்றால் ஆண்களை மட்டும் பத்துப் பன்னிரண்டு வாங்கி விட்டால் போதும். சண்டை பெரிதாக இருக்காது, பெருக்கமும் இருக்காது. நிறம் எல்லாம் ஆணுக்குத்தான், பெண் வெறும் சாம்பல் நிறம். குட்டி எடுக்கவே ஆசை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

தாய் குட்டியைத் தின்னுமா? தின்னும், ஆனால் கப்பி அளவுக்கு இல்லை. வயிறு நிறைந்த எண்ட்லர், செடி அடர்ந்த தொட்டியில், பெரும்பாலான குட்டிகளை விட்டுவிடும். ப்ரீடிங் பாக்ஸ் எனும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கூண்டில் நிறைசூலியைப் பிடித்து அடைப்பது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. வலையில் துரத்திப் பிடிப்பதும், திரும்ப இடமில்லாத இடத்தில் அடைப்பதும் அவளை மிரட்டும். குறைப்பிரசவம் ஆகி, கரு உறையோடு அரைகுறைக் குட்டிகள் விழுவதை இந்தக் கூண்டுகளில்தான் அதிகம் பார்க்கலாம். பாக்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு கட்டு ஜாவா மாஸ் வாங்குங்கள். மேலே மிதக்க ஹார்ன்வார்ட், அல்லது கப்பி கிராஸ், அல்லது பிஸ்டியா என்கிற சின்ன ஆகாயத்தாமரை. பிஸ்டியாவின் வேர்க்கொத்து தண்ணீருக்குள் தொங்கும். பிறந்த குட்டி முதலில் மேல்மட்டத்துக்கு வந்து அதற்குள்தான் ஒளியும். மேற்பரப்பில் பாதி மூடியிருக்கட்டும், மீதி வெளிச்சத்துக்கு.

பிறந்த குட்டி அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். முட்டையிடும் மீன்களின் குஞ்சைப்போல இதற்கு நுண்ணுயிர்க் கரைசல் தேடி அலைய வேண்டாம். விரலால் பொடித்த மீன் தீனியை முதல் நாளே தின்னும். ஆனால் வளர்ச்சியும் நிறமும் வேண்டுமென்றால் உயிருணவுக்கு ஈடில்லை. ஆர்ட்டீமியா என்கிற உப்புநீர்ச் சின்ன இறாலின் முட்டையைப் பொரிப்பது கஷ்டமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் கல் உப்பு, கால் டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, பலமான காற்றோட்டம், மேலே ஒரு விளக்கு. நம் ஊர் 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரளும். சின்னக் குழாயில் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிப் போடுங்கள். ஓட்டைச் சேர்த்துப் போடாதீர்கள், குட்டிக்குச் செரிக்காது. பொரிந்த அன்றே போட்டுவிடுங்கள். நேரம் ஆக ஆக அந்தக் குஞ்சின் உடலில் இருக்கும் சத்து கரைந்துகொண்டே போகிறது.

ஆர்ட்டீமியா கைக்கு அடங்காத செலவாகத் தோன்றினால் மோய்னா என்கிற பொடி நீர்த்தெள்ளை வளர்க்கலாம். மாடியில் ஒரு பச்சைத் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது தானே பெருகும். கொசுப்புழுவும் அருமையான உணவு. ஆனால் அதற்காகத் தனியாகத் தண்ணீர் தேக்கி வைக்காதீர்கள். தின்னப்படாமல் மிஞ்சும் புழு கொசுவாகிவிடும், நம் ஊர் டெங்கு ஊர். சாக்கடையோரம் அள்ளி வரும் டியூபிஃபெக்ஸ் புழு பக்கமே போக வேண்டாம். வேகவைத்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கச் சொல்வார்கள். அது தண்ணீரைக் கெடுக்கும் வேகத்துக்கு அதனால் கிடைக்கும் லாபம் போதாது. பெரிய மீன்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு. வாய் மேல்நோக்கி அமைந்த மீன் இது, மிதக்கும் தீனியே ஏற்றது. பாசியையும் ஓயாமல் கொறிக்கும், ஆகவே கண்ணாடியின் பின்பக்கப் பாசியைச் சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

மூன்று நாலு வாரத்தில் ஆண்குட்டிகளுக்கு நிறம் தட்டும். அடித்துடுப்பு கூராகத் தொடங்கும். பெண்கள் இரண்டு மாதத்தில் தாயாகத் தயார். இங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஐந்து பெண், ஈற்றுக்குப் பத்துக் குட்டி, அதில் பாதி பிழைத்தாலும் மாதம் இருபத்தைந்து புது மீன். மூன்றாம் மாதம் முடிவதற்குள் பேத்திகள் வரத் தொடங்கும். அரையாண்டில் நாற்பத்தைந்து லிட்டர் தொட்டி மூச்சு முட்டும். குட்டி எடுப்பது எப்படி என்பது இந்த மீனில் ஒரு கேள்வியே இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்பதுதான் கேள்வி.

இதை அந்த ஜான் எண்ட்லரே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அவருடைய புகழ்பெற்ற ஆராய்ச்சி டிரினிடாட் ஓடைகளில் வாழும் கப்பிகளைப் பற்றியது, 1980-இல் வெளிவந்தது. பைக் சிக்லிட் என்ற கொடிய வேட்டை மீன் இருக்கும் ஓடையில் ஆண் கப்பிகள் மங்கலாக இருந்தன. அது இல்லாத மேலோடைகளில் பளபளத்தன. இது தற்செயலா, தேர்வா என்று பார்க்க அவர் கண்ணாடிக் கூடத்தில் செயற்கைக் குளங்கள் அமைத்தார். சிலவற்றில் வேட்டை மீனை விட்டார், சிலவற்றில் விடவில்லை. தலைமுறைகள் போகப்போக வேட்டை மீன் இருந்த குளங்களில் ஆண்களின் புள்ளிகள் குறைந்தன, சிறுத்தன. மற்றவற்றில் கூடின. 1976-இல் 200 கப்பிகளை வேட்டை மீன் இருந்த ஓடையிலிருந்து எடுத்து, கப்பியே இல்லாத, ஆபத்துக் குறைந்த ஒரு கிளையோடையில் விட்டார். இரண்டே ஆண்டில் அங்கிருந்த ஆண்கள் கண்ணுக்குத் தெரியும்படி நிறம் கூடியிருந்தன.

உங்கள் தொட்டியில் அந்த வேட்டை மீனின் இடத்தில் இருப்பது உங்கள் வலை. நண்பர் கேட்டார் என்று பளிச்சென்ற ஆண்களையே ஒவ்வொரு முறையும் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், மிஞ்சுவது மங்கலானவை. அடுத்த தலைமுறைக்குத் தகப்பன்கள் அவையே. ஓராண்டில் என் மீன் ஏன் நிறம் குறைந்துவிட்டது, தீனியை மாற்றவா என்று கேட்பீர்கள். தீனியில் ஒன்றுமில்லை. நல்லதை வைத்துக்கொண்டு நடுத்தரத்தைக் கொடுங்கள். முதுகு வளைந்தது, துடுப்பு குறையுள்ளது, வளராமல் நின்றது எதுவும் இனம் பெருக்கக் கூடாது. அவற்றைத் தனித் தொட்டியில் ஆயுள் முழுக்க நிம்மதியாக வைத்திருக்கலாம்.

தேர்வு செய்யும்போது ஒரு மரபியல் செய்தி கைகொடுக்கும். கப்பியின் புள்ளி ஒன்று தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது என்று 1920-இல் யோகான்னஸ் ஷ்மிட் காட்டினார். விலாங்கு மீன்கள் சர்காசோ கடலில்தான் முட்டையிடுகின்றன என்று தேடிக் கண்டவரும் இவரே. அதே டென்மார்க்கைச் சேர்ந்த ஓய்வின் விங்கெ அந்த வேலையைத் தொடர்ந்து, ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமில் பல நிறக்கூறுகள் ஒட்டியிருப்பதை விரித்துக் காட்டினார். எண்ட்லரின் அறிவியல் பெயரில் இருக்கும் விங்கெய் அவர் நினைவாக வைத்ததுதான். நமக்கு இதனால் என்ன பயன்? மகன் பெரும்பாலும் தகப்பன் சாயலில் வருவான், ஆகவே ஆணைத் தேர்ந்தெடுப்பது கண்ணுக்கு எளிது. ஆனால் எல்லா நிறக்கூறுகளும் ஒய்யில் இல்லை. பெண் தன் உடலில் காட்டாத நிறங்களையும் சுமக்கிறாள். சாம்பல் நிறத்துப் பெண்கள் எல்லாம் ஒன்றுதானே என்று வேறு தொட்டியிலிருந்து ஒருத்தியை எடுத்து விட்டால், இரண்டாம் தலைமுறையில் எதிர்பாராத வால்களும் புள்ளிகளும் முளைக்கும். பெண்ணை அவள் சகோதரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வகையைச் சுத்தமாக வைக்க நினைத்தால் மூன்று வாரம் ஆனதும் குட்டிகளைப் பார்த்துப் பார்த்து ஆண்களைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் பெண்கள் சகோதரர்களாலேயே கருவுற்றுவிடும். இரத்த உறவு நெருங்கிக்கொண்டே போனால் ஈற்று சிறுக்கும், உடம்பும் சிறுக்கும். ஒரே வகையை இரண்டு மூன்று தொட்டிகளில் தனித்தனியாக வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஆண்களை மாற்றி விடுவது நல்ல வழி. அதே வகை வைத்திருக்கும் இன்னொருவரோடு பரிமாறிக்கொள்வது அதைவிட நல்லது. இடமில்லை என்றால் மாடியில் நிழல்வலைக்குக் கீழே இரண்டு சிமெண்ட் தொட்டி. பச்சைத் தண்ணீரில், வெயில் வெளிச்சத்தில் வளரும் எண்ட்லரின் நிறத்தைப் பார்த்தவர்கள் கண்ணாடித் தொட்டி மீனைப் பார்த்து மயங்க மாட்டார்கள். மழைக்காலத்தில் தொட்டி வழியாதபடி விளிம்புக்குக் கீழே வலை வைத்த வடிகால் துளை போட்டுவிடுங்கள்.

எண்ட்லரைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் ஹெட்டராண்ட்ரியா ஃபார்மோசா என்ற பெயர் கண்ணில் படும். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரச் சதுப்புகளில், ஃபுளோரிடாவில் செடி அடர்ந்த ஓரங்களில் வாழ்வது. ஆண் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தாண்டாது, குட்டி போடும் மீன்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. அதன் கர்ப்பம் எனக்கு எப்போதும் வியப்பு. எண்ட்லரின் கரு பெரும்பாலும் முட்டைக்கருவில் இருக்கும் சத்தைத் தின்றே வளர்கிறது. ஹெட்டராண்ட்ரியாவின் முட்டை மிகச் சிறியது, சத்துக் குறைந்தது. நஞ்சுக்கொடி போன்ற ஓர் அமைப்பின் வழியாகத் தாய்தான் கருவை ஊட்டி வளர்க்கிறாள். அதுவும் ஒரே சமயத்தில் வெவ்வேறு வயதுக் கருக்களைச் சுமப்பாள். எண்ட்லர் ஒரே நாளில் எல்லாக் குட்டியையும் போட்டு முடிக்கும். இவளோ இன்று ஒன்று, இரண்டு நாள் கழித்து இரண்டு என்று விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே இருப்பாள். குட்டியைத் தின்பதும் குறைவு. நம் நாட்டில் கிடைப்பது அரிது, சமவெளிக் கோடையைவிட மிதமான தட்பவெப்பம் அதற்கு உகந்தது. பெங்களூரிலோ மலையிலோ இருப்பவர்களுக்கு அதைச் சொல்வேன். உங்களுக்கு இப்போதைக்கு எண்ட்லர் போதும்.

நோய் பற்றிப் பெரிதாக எழுதப் போவதில்லை, ஒன்றைத் தவிர. மீனின் பின்துவாரத்திலிருந்து சிவப்பு நூல் நுனிகள் இரண்டு மூன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் என்ற குடற்புழு. குட்டி போடும் மீன்களில் சகஜம், பக்கத்து மீன்களுக்கும் பரவும். உப்பு, மஞ்சள், நீல மருந்து எதுவும் கேட்காது. லெவமிசோல்தான் மருந்து. தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஒரு நாள் இருட்டில் வைத்து, பிறகு பெரும்பகுதித் தண்ணீரை மாற்றி அடித்தரையை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அளவைச் சரியாகக் கணக்கிடக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஆடு மாடுகளுக்கும் கொடுக்கும் மருந்துதான் அது. புது மீன் எதுவானாலும் மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் விட்டால் இந்தத் தொல்லையே வராது.

கடைசியாக, மிஞ்சும் மீனை என்ன செய்வது. ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். கொசுவைத் தின்னும், நல்ல காரியம்தானே என்று பலர் விடுகிறார்கள். கொசு ஒழிக்கவே 1928-இல் கம்பூசியா என்ற குட்டி போடும் மீனை இத்தாலியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று அது உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. சின்ன மீன்களின் துடுப்பைக் கடிக்கும், குஞ்சுகளையும் தவளையின் தலைப்பிரட்டைகளையும் தின்னும். எண்ட்லர் அவ்வளவு முரடு இல்லை. ஆனால் ஒரே ஒரு கருவுற்ற பெண் போதும், ஒரு குளத்தில் குடியேற. கொசுப்புழு தின்ன நம் குளங்களுக்கு என்றே மீன் உண்டு: தலையில் வெள்ளிப் பொட்டோடு மேல்மட்டத்தில் நீந்தும் அப்ளோகைலஸ். அதன் இடத்தை வெளியூர் மீனுக்குக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

மிஞ்சியதைக் கடைக்கோ, தெரிந்த பிள்ளைகளுக்கோ கொடுங்கள். ஆண்களை மட்டும் கொடுத்தால் வாங்குபவருக்கும் பெருக்கத் தொல்லை இல்லை. பையில் பாதிக்கு மேல் காற்று இருக்கட்டும், கொடுப்பதற்கு முந்தைய நாள் தீனி போடாதீர்கள், பையில் கழிவு குறையும். பையின் மேல் எந்த வகை, யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது, கப்பி கலந்ததா இல்லையா என்று எழுதி ஒட்டிக் கொடுங்கள். கலந்ததா என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.